திருத்திய பிரேக்

இன்று கராஜ் வாசலில் பிரேக் எண்ணெயின் வாடை அடித்ததும் என் தோள் தானாக வலப்பக்கம் சாய்ந்தது. எண்பதுகளின் நடுவில் வாப்பாவின் பழைய காருக்குள் எந்நேரமும் இருந்த வாடை அது. முன் வலச்சக்கரத்தில் எண்ணெய் கசிந்ததால் பிரேக்கை மிதித்தாலே கார் இடப்பக்கம் இழுக்கும். அதற்கு முன்பே வாப்பாவின் கை ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டும், பின்சீட்டில் உம்மாவும் நானும், எங்கள் பாரத்தில்தான் கார் நேராகிறது என்பதுபோல, அதே பக்கம் சாய்வோம்.

சாய்ந்தமருது கராஜின் மெக்கானிக் பாஸ் அந்தக் கசிவைத் திருத்திக்கொடுத்த அன்று பின்னேரம் கல்முனைக்குப் போனோம். வழியில், இப்போது பழக்கடை இருக்கும் இடத்தில், அப்போது ராணுவத்தின் சென்றி, காவலரண், இருந்தது. வீதியின் வலது ஓரம் மண்மூட்டைகள், அவற்றின் மேல் துவக்குகள். சிப்பாய் கைகாட்டினான். வாப்பா பிரேக்கை மிதித்தார், கை பழக்கத்தில் வலப்பக்கம் வெட்டியது, இடப்பக்கம் இழுப்பதை மறந்துவிட்ட கார் மண்மூட்டைகளை நோக்கியே பாய்ந்து ஒரு முழம் தள்ளி நின்றது. துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. உம்மா கலிமா ஓதினா. அவவின் நகங்கள் என் தொடையில் இறங்கின.

"பிரேக் இல்லே?" என்றான் சிப்பாய்.

"இரிக்கி சேர். இண்டைக்குத்தான் செஞ்ச," என்றார் வாப்பா, இரண்டு கைகளையும் உயர்த்தியபடி.

காரைக் குடைந்து பார்த்துவிட்டு எங்களைப் போகவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் வாப்பா கராஜில் நின்றார்.

"பாஸ், பழையபடி இழுக்க வெச்சித் தாங்க."

பாஸ் சிரிக்க வாயெடுத்தார். வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.