முயல் படம் போட்ட ஷாம்பு

கவரைப்பேட்டையில் குணசுந்தரியின் பின்னலைத் தெரியாதவர்கள் கிடையாது. முட்டியைத் தொடும். பெண் பார்க்க வந்தபோது அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, காபி கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்ததைத்தான் பார்த்தேன் என்று புருஷன் குப்புராஜ் இன்றைக்கும் வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஷாம்பு கம்பெனியில் அவளுக்கு பேக்கிங் வேலை. ஆறு வருஷமாகக் காண்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆக்கிவிடுகிறேன் என்று மேனேஜர் தணிகாசலம் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சொல்வார். பொரிப் பொட்டலத்தோடு அந்த வாக்கையும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவாள்.

2006இல் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வரும்போல இருந்தது. நிபந்தனை ரெண்டே ரெண்டு. ஷாம்புவில் மிருகத்திடமிருந்து எடுத்த பொருள் எதுவும் இருக்கக் கூடாது. எந்த மிருகத்தின் மேலும் தடவிச் சோதித்திருக்கவும் கூடாது. ரெண்டும் சரியாக இருந்தால் பாட்டிலில் முயல் படம் போட்டுக்கொள்ளலாம்.

தணிகாசலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முயலை வாங்கி, கூண்டு கட்டி, தீனி போட்டுச் சோதிக்க அவர் என்ன கிறுக்கரா? பேக்கிங்கில்தான் பத்துப் பெண்கள் இருக்கிறார்களே! மாதத்துக்கொரு சனிக்கிழமை கெமிஸ்ட் அன்புசெல்வன் நம்பர் ஒட்டிய பாட்டிலை ஆளுக்கொன்று நீட்டுவான். "ஃப்ரீக்கா. தலைக்கு ஊத்திக்கினு எப்டி கீதுன்னு வந்து சொல்லு" என்பான். தீபாவளி போனஸைக் கண்ணால் பார்க்காத பெண்கள் அதையே போனஸாக நினைத்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

பதினாலாம் நம்பர் பாட்டில் வந்த மூன்றாம் வாரம், சீப்போடு வந்த முடியைப் பார்த்து குணசுந்தரி வாய்விட்டு அழுதாள். ரெண்டு மாதத்தில் பின்னல் எலிவாலாகி, பிறகு அதுவும் இல்லாமல் போய்விட்டது. அன்புசெல்வனிடம் கேட்டால், "கவரப்பேட்ட தண்ணி உப்புக்கா" என்றான். நோட்டில் 'திருப்தி இல்லை' என்று எழுதிக்கொண்டு பதினைந்தாம் நம்பருக்குப் போய்விட்டான்.

தெருவில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். முட்டை வெள்ளைக்கரு என்றாள் ஒருத்தி. தயிர் என்றாள் இன்னொருத்தி. பஸ் ஸ்டாண்டு தைலக்காரர் அட்டைப்பூச்சி எண்ணெயைக் காட்டினார், அவளுக்குக் குமட்டியது. கடைசியில் வேலியோரத்துச் செம்பருத்தி இலையையும் வெந்தயத்தையும் அரைத்துத் தேய்த்தாள். விரல் உயரத்துக்கு முடி முளைத்தது. முட்டை, தயிர் எதுவும் சேராத இந்த இலை வைத்தியத்துக்கு வெளிநாட்டில் தனிப் பெயரும் முத்திரையும் உண்டு என்று அவளுக்கு யார் போய்ச் சொல்வது? குப்புராஜ் மட்டும், கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, அவள் முகத்தைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டான்.

முத்திரை கொடுப்பதற்கு முன் கம்பெனியைப் பார்வையிட பெங்களூரிலிருந்து இளமதி என்ற அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அந்த அம்மாள் வீகன் என்றார்கள். சுத்த சைவத்துக்கு இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்கள் என்று தணிகாசலம் எல்லாருக்கும் விளக்கினார். கேன்டீனில் முட்டைக்குத் தடை. நெய்ப் பொங்கல், தயிர் வடை, பால் பாயசம் தயாராயின. குணசுந்தரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சவுரி வச்சிப் பின்னிக்கினு வா. நம்ம ஷாம்புல வளந்ததுன்னு மேடம் கிட்ட சொல்லு. அடுத்த மாசம் பெர்மனென்ட் லெட்டர் உன் கையில இருக்கும்."

இளமதி வந்தார். சாப்பாட்டு மேஜையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தார். "நெய், தயிர், பால், மூணும் மாட்டுக்கிட்டேர்ந்து வந்ததுதானே?" என்றார்.

"மாடு சைவம்தானே மேடம்!" என்றார் தணிகாசலம், அடிபட்ட முகத்தோடு.

இளமதி படிவத்தை எடுத்தார். முயல் மேல் சோதித்தீர்களா? எலி? நாய்? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தணிகாசலம் பெருமையாகச் சொன்னார். இளமதியின் கண் அப்போது குணசுந்தரியின் பின்னலில் விழுந்தது.

"இவ்ளோ நீளமா! எந்த ஷாம்பும்மா?"

தணிகாசலம் முப்பத்திரண்டு பல்லையும் காட்டினார். குணசுந்தரி லெட்டரை நினைத்தாள். லெட்டர் வந்தால் பி.எஃப். உண்டு, லீவு உண்டு, யாரும் நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாது. ஒரே ஒரு பொய்தான். ஆனால் அந்தப் பல்லைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. சவுரியை உருவிப் பாயசத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது கடையில வாங்குனது மேடம். என்னுது பதினாலாம் நம்பர்ல போச்சு. இங்க முயல் மேல எதையும் தடவல, நெசந்தான். எங்க மேலதான் தடவுனாங்க."

இளமதி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "மனுஷங்களுக்கு இதுல கட்டம் இல்லையே" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பைக் கண்டதும் முகம் தெளிந்தது. கம்பெனி ஊழியர்கள் பத்துப் பேர் விரும்பிப் பயன்படுத்திப் பார்த்ததாக ஒவ்வொரு சாம்பிளுக்கும் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அது இல்லாமல் சரக்கு கப்பல் ஏறாது. தணிகாசலத்துக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. பாட்டிலில் முயலும் வந்தது.

லெட்டர் வரவில்லை. சனிக்கிழமை பதினெட்டாம் நம்பர் பாட்டிலோடு தணிகாசலமே ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். குணசுந்தரி நின்று, நிதானமாகப் படித்தாள்.

"சார், கம்பெனி ஊழியர்னு போட்டுகீதே?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"நாங்க கம்பெனி ஆளுங்க இல்ல, காண்ட்ராக்டர் ஆளுங்கன்னு நீங்கதான சொல்லிக்கினு கீறீங்க? பொய்க் கையெழுத்து போட்டா முயலுக்குப் பாவம் சார்."

அவள் பாட்டிலை மேஜையில் திருப்பி வைத்தாள். மற்ற ஒன்பது பெண்களும் வைத்தார்கள். எல்லாரையும் நிறுத்திவிடுகிறேன் என்று சொல்ல தணிகாசலம் வாயெடுத்தார். செவ்வாய்க்கிழமை லாரி வருகிறது, பாதிச் சரக்கு பேக்கிங்கே ஆகவில்லை என்று அன்புசெல்வன் காதில் சொன்னான்.

அந்தக் கம்பெனியில் பெர்மனென்ட் ஆட்கள், வாட்ச்மேனையும் அன்புசெல்வனையும் சேர்த்து, சரியாகப் பத்துப் பேர்தான். தணிகாசலம் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, வாராவாரம் சாயம் பூசிச் சுருட்டி விட்டிருக்கும் தன் முன்முடியை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.