விழுந்தவரிடம் கேள்

இங்கே ஒருவருடைய காலைத் தொடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். எலும்பு முறிந்து முனகிக்கொண்டு கிடந்தாலும் கேட்க வேண்டும். "உங்கள் முட்டியைத் தொட்டுப் பார்க்கலாமா?" தூத்துக்குடியில் இப்படிக் கேட்டிருந்தால், "பின்ன எதுக்கும்மா வந்திருக்கோம்?" என்று சிரித்திருப்பார்கள். அங்கே காலைத் தூக்கி நம் மடியிலேயே வைத்துவிடுவார்கள்.

நான் ஒஹையோவில் பிசிஷியன் அசிஸ்டண்ட் படிப்பில் இரண்டாம் ஆண்டு. டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியைப் பரிசோதித்து, மருந்தெழுதி, ஆபரேஷன் தியேட்டரில் கைகொடுக்கிற வேலை. இப்போது ஆறு வாரம் எலும்புப் பிரிவில் பயிற்சி. வருவதற்கு முன் தூத்துக்குடியில் ஓர் எலும்பு மருத்துவமனையில் நாலு வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் நான். துறைமுகத்தில் மூட்டை சரிந்து அடிபட்டவர், உப்பளத்தில் வழுக்கியவர் எல்லாம் என் கையைப் பிடித்துத்தான் நடந்தார்கள். இந்த ஆறு வாரம் தண்ணிபட்ட பாடு என்று கொஞ்சம் திமிராகவே உள்ளே போனேன். திமிர் மூன்று நாள் கூடத் தாங்கவில்லை.

மார்த்தா என்ற எண்பது வயது அம்மாள் தொழுவத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்தார். பக்கத்தில் மகன். எப்போது விழுந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எல்லாவற்றையும் மகனிடமே கேட்டேன். ஆபரேஷனைப் பற்றியும் அவரிடமே விளக்கினேன். மகன் நெளிந்தார். அம்மா காதில் விழுமே என்று தயங்குகிறார் போல என நினைத்து, குரலை இன்னும் தாழ்த்தினேன். "விழுந்தது நானம்மா, அவனில்லை" என்றார் மார்த்தா.

என் பயிற்சியாளர் கேரன் அன்றே என் மதிப்பீட்டுத் தாளில் எழுதிவிட்டார்: நோயாளியை விட்டுவிட்டு உறவினரிடம் பேசுகிறார். மறுபடி நடந்தால் ஆறு வாரத்தையும் திரும்பச் செய்ய வேண்டும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் காட்டியது மரியாதை அல்லவா? எங்கள் கடற்கரைப் பக்கம் பெரியதாழையிலிருந்து கை முறிந்து ஒருவர் வந்தால் கூடவே ஆறு பேர் வருவார்கள். மச்சான்தான் பேசுவார். அடிபட்டவரிடம் கேட்டால், "அவருக்கு என்ன தெரியும்? எங்கிட்ட கேளுங்க" என்பார் மச்சான். ஆபரேஷன் என்றால் மச்சானை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொல்வோம். படுத்திருப்பவரிடம், "ஒண்ணுமில்ல, சின்னக் கட்டுதான்." எத்தனை பேரிடம் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்! ஆனாலும் தோற்றுத் திரும்பிப் போக நான் கடல் தாண்டி வரவில்லை. மறுநாளிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோயாளியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். உறவினர்கள் பேச்சுக் கொடுத்தாலும் கழுத்தைத் திருப்பவில்லை. நாலாம் வாரத்தில் அதுவே பழகிவிட்டது.

ஐந்தாம் வாரம், காலை ஆறு மணி. மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தும்போது அண்ணனின் போன். அங்கே பிற்பகல். அப்பா கடையில் கயிற்றுச் சுருளை எடுக்க ஸ்டூலில் ஏறி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு. நான் வேலை பார்த்த அதே மருத்துவமனை. நாளைக்கு ஆபரேஷன், அண்ணன் கையெழுத்துப் போட்டாயிற்று.

"அப்பாட்ட வாயத் தொறந்துராத. மாவுக்கட்டுன்னுதான் சொல்லியிருக்கு. பயந்துருவாரு."

"போனை அப்பாட்ட குடு."

"ஏளா, அமெரிக்கா போயி இதத்தான் படிச்சியா?"

"ஆமாண்ணே. இதத்தான் படிச்சேன். குடு."

அண்ணன் போனைக் கொடுக்கப் போன நேரத்தில்தான் யோசித்தேன். சொல்லப்போய் அப்பா ஆபரேஷனே வேண்டாம் என்றுவிட்டால்? காலத்துக்கும் படுக்கைதான்.

"அப்பா, மாவுக்கட்டு இல்லப்பா. ஆபரேஷன். உடைஞ்ச எலும்ப எடுத்துட்டு வேற பொருத்துவாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

"தெரியும்ளா. நாளைக்குக் காலையில பச்சத்தண்ணி குடிக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போச்சு. மாவுக்கட்டுக்கு எதுக்குப் பட்டினி? உங்க அண்ணன் கெடந்து பயப்படுதான். அதான் தெரியாத மாரி இருக்கேன்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "உங்களுக்குப் பயமா இருக்காப்பா?"

"இருக்கு."

அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை நான் கேட்டதே இல்லை. யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை.

"செய்யச் சொல்லு" என்றார். "ஆனா மறுநாளே எந்திரிச்சு நிக்கச் சொல்லுவாவளாமே. நீதான அங்கன எல்லாரையும் புடிச்சு நிறுத்துவ. என்னைய யாருளா நிறுத்துவா?"

எழும்போது நல்ல காலில் பாரம் கொடுக்கச் சொன்னேன். கீழே பார்க்காமல் நேரே பார்க்கச் சொன்னேன். அண்ணனைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வார்டுக்குப் போனேன். முந்தின நாள் அதே ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர் கட்டில் விளிம்பில் காத்திருந்தார். ஒரு பக்கம் தெரபிஸ்ட், ஒரு பக்கம் நான். முதுகுக்குப் பின்னால் கைகொடுத்து, யாரோ ஒருத்தியின் அப்பாவை எழுப்பி நிறுத்தினேன்.