கேண்டீன் சோறும் இரண்டு நண்டுக் குளங்களும்

காலை 5.50. கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் பதினைந்து ரூபாய் டிக்கெட். அந்தக் காசுக்கு ஜன்னலோரம் கிடைத்ததே பெரிது. இருபது வருடத்துக்கு முன் தேவராஜும் நானும் இங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஒரே அறைவாசிகள். நான் சென்னைக்குப் போய்விட்டேன். அவன் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, இப்போது குத்தகை நிலத்தில் இரண்டு குளம் வெட்டி நன்னீர் நண்டு வளர்க்கிறான். "நண்டெல்லாம் கரையேறிக்கினு கீதுடா, விடியக்காலைல வந்து பாரு" என்று போனில் அழாத குறையாகச் சொன்னதால்தான் இந்த முதல் ரயில்.

6.15. மாதர்பாக்கம் சாலையில் ஆறு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று தேவராஜ் கேட்டுக்கொண்டான். அவன் மீசை நரைத்துவிட்டது. நடை மட்டும் ஷிப்டுக்கு லேட்டானவனின் அதே நடை. அதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது.

குளம் அப்படிக் குளிரவைக்கவில்லை. தண்ணீர் பெயின்ட் கொட்டியதுபோல் பச்சை, நாற்றம் வேறு. கரை முழுக்க நண்டுகள், தண்ணீருக்குள் மூச்சுமுட்டி வெளியே வந்தவை. சில அசையவே இல்லை. பத்தடி தள்ளி அவன் மனைவி ஸ்டெல்லா பார்த்துக்கொள்ளும் சின்னக் குளம். அதில் தண்ணீர் தெளிவு, அடித்தரையில் அசையும் செடிகள்கூடத் தெரிந்தன. அங்கேயும் நண்டுதான்.

"ஒரே தண்ணி, ஒரே நண்டு. அதெப்படிம்மா?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"நான் நண்டு கொஞ்சமாத்தான் வுட்டேண்ணா. செடியப் புடுங்கல. அதுங்களே அழுகுன இலை, நத்தைன்னு துன்னுக்கினு திரியுது. நான் போடறது ஒரு கை மீன் தூளு, அதுவும் முன்ன போட்டது தீந்தாத்தான். இவுரு இன்னாடான்னா, நண்டு தண்ணிய சுத்தம் பண்ணிடும்னு சொல்லிக்கினு, டிரம்மு டிரம்மா கம்பெனி கேண்டீன் சோத்தக் கொட்டறாரு. துன்னது போக மிச்சம் அழுகி, அந்த சத்தெல்லாம் பாசிக்குத்தான் போவுது. மழை வந்தா இது ரொம்பி ஏரிக்கு ஓடும். மாடு குடிக்கிற தண்ணி. பச்சை தெளியலன்னா குளத்த மூடுன்னுட்டாங்க ஊர்ல."

"சும்மா வர்ற சோறுடா," என்றான் தேவராஜ் என்னிடம். "எப்டிடா வேணான்றது? ஒரே பேஜாரா கீது."

எனக்கு அது புரிந்தது. நாங்கள் வேலை பார்த்த இடத்தில் கேண்டீன் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான். மிஞ்சிய சோற்றை ஆவி பறக்கப் பின்பக்கக் குழியில் கொட்டுவார்கள். ஒருவேளைச் சாப்பாட்டில் நாளை ஓட்டிய நாங்கள் இருவரும் சுவரோரம் நின்று பார்ப்போம். அந்த நாட்களுக்காக ஏங்குவது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் ஏங்குகிறேன். ஒரு பொட்டலம் புளிச்சோற்றை இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கை அவன் என் பக்கம் தள்ளுவான். அதற்குப் பிறகு யாரும் எனக்கு அப்படித் தள்ளியதில்லை.

7.30. குட்டியானை வண்டி வந்தது. பின்னால் நான்கு நீல டிரம், கேண்டீன் மிச்சம்.

"இன்னா நைனா, எறக்கவா?" என்றார் டிரைவர்.

தேவராஜ் மூடியைத் திறந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தான். "நல்ல சோறுபா. கெடக்கூட இல்ல." கரையில் ஒரு நண்டு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மூடியைப் போட்டான்.

"எடுத்துக்கினு போ. இனிமே வேணாம்."

"அப்ப குழிலதான் கொட்டணும், நைனா."

"கொட்டு. என் கண்ணுல மட்டும் காட்டாத."

வண்டி திரும்பும்போது அவன் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். ஸ்டெல்லா வைத்த நாஷ்டாவைத் தொடவில்லை.

10.20. திரும்பும் ரயில். பாதிக்குமேல் நண்டைப் பிடித்து விற்றுவிட்டு, பெரிய குளத்திலும் செடி வைக்கப்போகிறார்களாம். தெளிய மாசக்கணக்கில் ஆகலாம், தெளியாமலும் போகலாம். சென்னையில் எங்கள் வீட்டருகே உள்ள ஏரியும் கோடையில் இதே பச்சைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கில் கடப்போம், யாரையாவது திட்டுவோம். அது தெளியட்டும் என்று நான் இதுவரை எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை.