இருவர் பெயருக்கும் வந்த அழைப்பு

லிஃப்ட்டுக்காரரிடம், "நீங்க எப்படி மார்மன் சபைக்கு வந்தீங்க?" என்று யாராவது கேட்டால், "நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல வந்தேன்" என்பார். கேட்டவர் திருதிருவென்று விழிப்பார். ஆனால் அது உண்மைதான். அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும்போது, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. அங்கே டெலிபோன் ஆபரேட்டராகப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அந்த இரண்டு மாடிகளுக்கும் நடுவே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாள். அழுது கொண்டிருப்பாள், நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லலாம் என்று கதவிடுக்கில் வாயை வைத்தால், உள்ளேயிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"அவசரப்படாம பாருங்க அண்ணா. நான் ஜெபம் பண்ணிட்டேன்."

அந்த 'அண்ணா'வை எடுக்க அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள், அவளுடைய மார்மன் சபையில் இரண்டும் கூடாதென்று, சிகரெட்டை விட்டார், டீயை விட்டார், ஞானஸ்நானமும் எடுத்தார். டீயை விட்டதுதான் கஷ்டம் என்று அறுபது தாண்டியும் சொல்லிக் கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முன்பே அவள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர்கள் சபையில் இளம் வயதுக்காரர்கள் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று எங்கே அனுப்பினாலும் போய், சட்டையில் கறுப்புப் பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு, வீடு வீடாக ஊழியம் செய்துவிட்டு வருவார்கள். அவளும் இருபத்தொரு வயதில் அதற்கு விண்ணப்பம் எழுதினாள். தபாலில் சேர்ப்பதற்கு முதல் நாள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூத்த பெண், வீட்டில் வேறு யாருக்கும் சம்பாத்தியம் இல்லை. விண்ணப்பம் அலமாரிக்குப் போயிற்று, அவள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள்.

"வேலையிலிருந்து ஓய்வு கிடைச்சதும் புருஷன் பொண்டாட்டியாப் போகலாம். அதுக்கு வழி இருக்கு" என்றாள். "அப்ப வர மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தானே" என்று அவரும் தலையாட்டினார். முப்பத்தைந்து வருடம் என்பது இளைஞனுக்கு ஒரு கணக்கா?

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ஆபரேட்டரம்மா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நானூறுக்கும் மேற்பட்ட உள் எண்கள் அவளுக்கு மனப்பாடம். வார்டு, ஆபரேஷன் தியேட்டர், துணி வெளுக்கும் இடம், பிணவறை வரைக்கும் எதைக் கேட்டாலும் பட்டென்று விரல் போகும். குரலை வைத்தே எந்த டாக்டர் என்று சொல்லுவாள். அவர் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்றும் சொல்லுவாள். எண்கள் அச்சடித்த புத்தகம் மேஜையில் தூசி படிந்து கிடக்கும். "அது நான் லீவு போட்டா வர்றவங்களுக்கு" என்பாள்.

ஒரே மகள். வளர்ந்து, பள்ளிக்கூட ஆசிரியை ஆகி, பக்கத்து ஊரில் குடியிருந்தாள். சபைக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். அம்மா அதற்காக அழுததுண்டு, சண்டை போட்டதில்லை.

கடைசியில் அந்த முப்பத்தைந்து வருடமும் ஓடியே போனது. அவளுக்குப் பின்னால் லிஃப்ட்டுக்காரரும் ஓய்வு பெற்ற மறு வாரமே விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார்கள். டாக்டர் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து, "ரெண்டு பேரும் குதிரை மாதிரி இருக்கீங்க" என்று கையெழுத்துப் போட்டார். பல் டாக்டர் மட்டும் அவருக்கு இரண்டு பல்லைப் பிடுங்கினார். "ஊழியத்துக்கு நான் ரத்தம் சிந்தியாச்சு" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஏழு வாரத்தில் அழைப்பு வந்தது. வருடத்தில் பாதி நாள் பனி பெய்யும் ஒரு நாடு, பதினெட்டு மாதம். இளம் ஊழியர்கள் தங்கும் வீடுகளில் குழாய், ஹீட்டர், பூட்டு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வது அவர் வேலை. ஊழிய அலுவலகத்தில் தொலைபேசியைக் கவனிப்பது அவள் வேலை. மகள்தான் கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தாள். சபையை விட்டவள், ஆனாலும் ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

"அங்கயும் போன்தானா! கடவுளுக்கு என்னைப் பத்தி நல்லாவே தெரியும் போல" என்று ஆபரேட்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான்கு மாத அவகாசம். தடித்த கோட்டு, கம்பளிச் சாக்ஸ், வழுக்காத பூட்ஸ் என்று வாங்கி அடுக்கினார்கள். வீட்டைப் பதினெட்டு மாதத்துக்குப் பார்த்துக்கொள்ள ஒரு இளம் தம்பதியைப் பிடித்தார்கள். வாரம் இரண்டு நாள் கம்ப்யூட்டரில் அந்த நாட்டு மொழிப் பாடம். சொல்லிக்கொடுத்தது அவர்கள் மகள் வயதுள்ள ஒரு பெண். ஆபரேட்டரம்மா கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டாள். லிஃப்ட்டுக்காரருக்கு நாக்கு மடங்கவில்லை. 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்பதற்குப் பதிலாக ஒருநாள் அவர் வேறு ஏதோ சொல்லிவைக்க, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டாள். என்ன சொன்னார் என்று கடைசிவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் மாத முடிவில் அவர் மனைவியை முந்தினார். அவள் தடுமாறிய இடத்தில் இவர் எடுத்துக் கொடுத்தார். ஒரு நாள், இரண்டு நாள், பிறகு எல்லா நாளும். வாழ்க்கையில் முதன்முதலாக அவளைவிட ஒரு விஷயத்தில் தான் கெட்டிக்காரன் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையை நினைத்துப் பிற்பாடு அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

விசாவுக்காக விரல் ரேகை வைக்கப் போன இடத்தில், கவுண்டரில் இருந்தவர் வீட்டு முகவரி கேட்டார். அவள் கடகடவென்று சொன்னாள். கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையின் முகவரி அது. அந்தக் கட்டடத்தை இடித்தே இருபது வருடம் ஆகிறது. இவர் திருத்திச் சொன்னார். கவுண்டர்காரர் சிரித்தார், அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், வெயில் தாழாத அந்தப் பிற்பகலில், அவளே கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அவர் முன்னால் போட்டாள். வீட்டு முகவரி, பஸ் எண், மகளின் போன் எண், பூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது வரைக்கும் அதில் எழுதியிருந்தது. ஒரு பக்கத்தின் தலைப்பில் அவருடைய பெயர். கீழே, 'டீ கொடுக்கக் கூடாது.'

"எத்தனை நாளா?" என்றார்.

"மூணு மாசமாத் தெரியும். அதுக்கு முன்னால இருந்திருந்தா, அது எனக்கே மறந்துபோச்சு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பதினெட்டு மாசம்தாங்க. அதுவரைக்கும் தாக்குப் பிடிச்சிருவேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"டாக்டர்கிட்டயாவது..."

"டாக்டர்னா அதோட முடிஞ்சுது. அன்னிக்கு அப்பா விழுந்தாரு, நான் நின்னுட்டேன். இப்ப நானே விழறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்னு பாக்கறேன். சொல்ல மாட்டேன்னு என் கையில அடிங்க."

அவர் அவள் உள்ளங்கையில் தன் கையை வைத்தார்.

மூன்று வாரம் வாக்கைக் காப்பாற்றினார். அவள் பேசும்போது வார்த்தை சிக்கினால் இவர் இருமுவார். அந்த இடைவெளியில் அவள் பிடித்துக்கொள்வாள். சபையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த நாட்டுக்கும் இப்படியே இருமிக்கொண்டே போய்விடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, கடைத்தெருவில் கையுறை வாங்கினார்கள். இவர் சில்லறையை வாங்கிவிட்டுத் திரும்பினால், அவளைக் காணோம். கடை கடையாக ஏறி இறங்கினார். மகளுக்குப் போன் செய்தார். இரண்டு மணி நேரம் கழித்து மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அம்மா பழைய ஆஸ்பத்திரியில இருக்காங்களாம்."

வாசல் காவலாளியின் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். காவலாளி இவரைத் தனியே அழைத்துச் சொன்னார்: "டூட்டிக்கு நேரமாச்சு, உள்ள விடுங்கன்னு கேட்டாங்க சார். டெலிபோன் ரூமே இப்ப இல்லம்மான்னு சொன்னேன். அப்ப யாரு பேசுவாங்கன்னு கேட்டு அழுதாங்க."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். பாதி வழியில் தெளிந்துவிட்டாள் என்பது அவள் தோளைப் பார்த்தே அவருக்குத் தெரிந்தது. "சொல்லிடாதீங்க" என்றாள். அவ்வளவுதான். அவர் மனதிலோ பனி பெய்துகொண்டிருந்தது. மொழி தெரியாத ஊர், தான் எங்கேயோ ஒரு வீட்டில் குழாய்க்கடியில் படுத்திருக்க, இவள் கோட்டு இல்லாமல் கதவைத் திறந்துகொண்டு போகிறாள்.

மறுநாள் காலையில் ஆயரைப் பார்க்கப் போனார். அவர்கள் சபையில் ஆயருக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சபையை நடத்துகிறவர், மற்ற நாளில் டயர் கடை நடத்தினார். ரப்பர் நாற்றத்துக்கு நடுவே, பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து லிஃப்ட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். ஆயர் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"பிரதர், நான் மேல சொல்லியாகணும்."

"அதுக்குத்தான் வந்தேன்" என்றார் இவர்.

டாக்டர்கள் பரிசோதித்தார்கள். பெயர் தெரிந்த நோய்தான், குணமாகாதது. ஒரு கடிதம் வந்தது. மிகுந்த மரியாதையோடும் அன்போடும் அவர்கள் இருவரையும் ஊழியத்திலிருந்து விடுவிப்பதாக எழுதியிருந்தது.

அவள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். "என் கையில அடிச்சீங்களே" என்றாள். மகளுடைய பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. சமைத்து வைப்பாள், துணி மடித்து வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். விமானம் கிளம்பவேண்டிய நாளில் பெட்டியைத் திறந்து, துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். இவர் உதவப் போனார். "தொடாதீங்க" என்றாள். அந்த மாதம் அவர் கேட்ட ஒரே வார்த்தை அதுதான்.

பிறகு ஒரு காலை. சமையலறையிலிருந்து பழைய குரல், "என்னங்க, இங்க வாங்களேன்." ஓடினார். அவள் முகத்தில் கோபம் துளியும் இல்லை. அவருக்கு உயிர் வந்தது.

"நாம எப்பங்க கெளம்பறோம்?" என்று கேட்டாள்.

அவர் அவளை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். அவள் அப்போதுதான் கேட்பவள்போல் கேட்டாள். "என் கையில அடிச்சீங்களே" என்று அதே வார்த்தையைச் சொல்லி அழுதாள். நாலு நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னார், மறுபடியும் அழுதாள். மூன்றாவது தடவை மகள் பக்கத்தில் இருந்தாள். அப்பாவைப் பின்கட்டுக்கு இழுத்துப்போனாள்.

"எத்தனை தடவைப்பா அவங்களை அழவைப்பே? தேதி வரலன்னு சொல்லேன்."

"பொய்யா?"

"பொய்தான். சொல்லு."

சொன்னார். "இன்னும் தேதி வரலம்மா." அவள், "சரி, வரட்டும்" என்று நிம்மதியாகக் காய் நறுக்கப் போனாள். அவளுக்குக் கொடுத்த வாக்கை முறித்து உண்மையைச் சொன்ன மனுஷன், அதன்பிறகு மூன்றரை வருடம் தினமும் ஒரு பொய் சொன்னார். சில நாள் பத்து முறை.

நடுவில் ஒருநாள் டயர் கடைக்குப் போய் ஆயரிடம் கேட்டார்: "அவ என்னை மன்னிச்சாளா, மறந்துட்டாளா? ரெண்டும் ஒண்ணுதானா?"

"எனக்குத் தெரியல பிரதர்" என்றார் ஆயர். ஒரு வண்டி வந்து நின்றது. ஆயர் எழுந்து போனார். இவரும் எழுந்து வீட்டுக்கு நடந்தார். மகள் நாலு மணி வரைதான் அம்மாவுடன் இருப்பாள்.

நிமோனியா வந்து ஆபரேட்டரம்மா ஒரு புதன்கிழமை காலையில் இறந்துபோனாள். அடக்க ஆராதனையில் வாசிக்க, அவள் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் மகள் எழுத உட்கார்ந்தாள். பிறந்தது, ஞானஸ்நானம், வேலை, கல்யாணம் எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

"ஊழியம்னு என்னப்பா போடறது?"

"அழைப்பு வந்துச்சுன்னு போடு" என்றார். "போகலன்னும் போடு. ஏன்னு யாராவது கேட்டா என்னைக் கைகாட்டு."

ஆராதனையில் மகள் எழுந்து வாசித்தாள். அழைப்பு வந்ததை வாசித்தாள். போகவில்லை என்ற அடுத்த வரியை அவள் எழுதவே இல்லை. முன் வரிசையில் இருந்த லிஃப்ட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வந்து உட்கார்ந்ததும் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.