கனடாச் சப்பாத்தும் ஆறாம் மாடியும்

வசமாக மாட்டிக்கொண்டேன்.

கனடாவிலிருந்து மச்சாள் எனக்கொரு சப்பாத்து அனுப்பியிருந்தார். அதன் அடிப்பக்கம் தோணி மாதிரி வளைந்திருக்கும். போட்டுக்கொண்டு சும்மா நடந்தாலே தொடையும் இடுப்பும் இறுகுமாம்.

மூன்று மாதத்தில் என் இடுப்பு உண்மையாகவே குறைந்தது. வீடியோ கோலில் கண்ட மச்சாள், "சப்பாத்து வேலை செய்யுது என்ன?" என்றார். அனுப்பியவரின் மனம் நோகக்கூடாதென்று, "ஓம் மச்சாள்" என்றேன்.

உண்மையில் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் லிப்ட் பழுது. ஆறாம் மாடிக்குத் தினமும் நாலு தரம் ஏறினேன். படியில் அந்தச் சப்பாத்து ஆடுவதால், அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு.

இன்று காலை மச்சாள் மறுபடி கோல் எடுத்தார். "உம்மை நம்பி இங்க சொந்தக்காரர் எல்லாருக்கும் வாங்கிக் குடுத்திட்டன். ஒருத்தருக்கும் இடுப்பு குறையேல்லயாம். உம்மட தங்கச்சியின்ர கலியாணத்துக்கு எல்லாரும் அங்க வாறம், நீர் நடந்து காட்டும்."

கலங்கிப்போய்க் கீழே இறங்கினேன். காவலாளி சிரித்தார்: "லிப்ட் சரி பண்ணிட்டாங்க மிஸ், இனிமே கஷ்டப்பட்டு ஏறத் தேவையில்ல."

கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை. இடுப்பு பழையபடி பெருக்க அந்த ஒன்றரை மாதம் போதும். லிப்ட் ஓடும்போது படியேற எனக்கென்ன பைத்தியமா?

அதை மறுபடி பழுதாக்கத் தெரிந்தவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள்.