சாமிக்கண்ணுக்குத் தெரியக் கூடாது

என் அக்கா தமிழ்ச்செல்வியின் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம், சிதம்பரத்திலிருந்து செம்மங்குப்பத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் ஏறுகிற ஒருத்தரையும் அவர் சொந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. ஃபிட்டர் சாமிக்கண்ணு மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, உட்காருவதற்குக் காற்றடித்த வளையத்தோடு வந்தார். அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது.

"டியூப்பு ஏறியாச்சா? அப்ப வண்டிய எடுக்கலாம்."

புண் ஆறி, வளையம் பரணுக்குப் போய், சாமிக்கண்ணுவின் பெண்ணுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. மாமா இன்னும் டியூப்பு என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்த மனுஷனுக்கே மூலம் வந்தது. வெளியே சொல்வாரா? எல்லோரிடமும் ஹெர்னியா என்றார். கட்டின பெண்டாட்டியிடமும் அதேதான். கடலூரில் ஆபரேஷன் நடந்தபோது துணைக்குப் போனவன் நான். டாக்டர் பேச வரும்போதெல்லாம் என்னை டீ வாங்க அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்து, பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தார். ஹெர்னியாவுக்கு அதுவும் ஒரு வைத்தியம் என்றார். அக்கா நம்பினாள், நானும் நம்பினேன்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகி, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூமிலிருந்து வந்து இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, முகத்தில் சொட்டு ரத்தமில்லை. நானும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் தூக்கி ஆம்புலன்ஸில் போட்டு, கூடவே போனோம்.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டரம்மா, "சமீபத்துல எதாச்சும் ஆபரேஷனா?" என்று கேட்டார்.

"ஹெர்னியாம்மா" என்றாள் அக்கா.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கைலியைக் கொஞ்சம் இறக்கி இரண்டு தொடையிடுக்கிலும் பார்த்தார். "தழும்பே இல்லையேம்மா. எங்க பண்ணாங்க?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"டேய் தம்பி, நெஜத்த சொல்லு. கிட்னிய வித்துட்டாரா?"

துணைக்கு இருந்தவன் நான், என்னத்தை அறுத்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா அவர் சட்டையைத் தூக்கி விலாவைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிரஷர் இறங்குகிறது என்று நர்ஸ் கத்தினார். வயிற்றை ஸ்கேன் எடுக்க ஆளைக் கூப்பிட்டார்கள். நான் மாமாவின் காதருகே குனிந்தேன்.

"மாமா, எங்க அறுத்தாங்க? சொல்லித் தொலைங்க."

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தார். திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். உயிர் போய்க்கொண்டிருக்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறார் மனுஷன். அவர்களை வெளியே தள்ளிவிட்டு வந்தேன்.

"மூலம்" என்றார், காற்று மாதிரி.

உடனே புரட்டிப் போட்டார்கள். மெரூன் கைலியில் ஒன்றும் தெரியவில்லை. கீழே விரிப்பு நனைந்திருந்தது. புண்ணிலிருந்து கசிந்த ரத்தம் குடலுக்குள்ளேயே தேங்கி இருந்திருக்கிறது. காலையில் பாத்ரூமில் கட்டி கட்டியாகப் போனதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் இட்லிக்கு வந்திருக்கிறார். கட்டியாகப் போனாலோ தலை சுற்றினாலோ உடனே ஓடி வரணும் என்று கடலூர் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாராம். நான் டீ வாங்கப் போன நேரத்தில்.

தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டு, ரத்தம் ஏற்றி, பிழைக்க வைத்தார்கள். சாயங்காலம்தான் கண் விழித்தார். உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் குனிந்தேன்.

"மச்சான், சாமிக்கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

அக்கா கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க போயிருந்தா, எதுல போனீங்கன்னு கூடத் தெரியாம, ஹெர்னியா ஹெர்னியான்னு சொல்லித்தான நான் அழுதிருப்பேன்?"