பக்ருதீன் போட்ட வளையம்

பள்ளிக்கூடம் பக்ருதீனுக்கு நாற்பதாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தது. பேஸ்கட்பால் மைதானத்துக்குக் கம்பமும் வளையமும் செய்து நட்ட கூலி. நட்டு இரண்டு வருஷமாகியும் முன்பணத்துக்கு மேல் ஒரு காசு வரவில்லை. இரும்பு கொடுத்த கடைக்காரன் தினமும் போன் போட்டான்.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் பக்ருதீன். ஆனாலும் தட்டாஞ்சாவடியில் சொந்தப் பட்டறை, மாடி வீடு, எல்லாம் அவர் கை சம்பாதித்தது. காசு கேட்டு யார் வாசலிலும் நின்று பழகாதவர், முழங்கால் வலியோடு மறுபடி ஆபீஸ் படி ஏறினார்.

"அட்மிஷன் வரட்டும் பாய், மொதப் பணம் ஒங்களுக்குத்தான்" என்றார் பள்ளியை நடத்தும் ஃபாதர் அருளப்பன்.

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க ஃபாதர்."

"போன வருஷமும் அட்மிஷன் கொறஞ்சுபோச்சு. இங்க பந்துதான் ஆடுறாங்க, படிப்பே கெடையாதுன்னு ஊரெல்லாம் பேச்சு. யார் கெளப்புனதுன்னு விசாரிச்சேன். நீங்கதானாம்."

டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் பக்ருதீன் சொன்னதுதான். "நான் போட்ட வளையம் அப்பிடி. புள்ளைங்க கிளாஸுக்கே போறதில்ல, அங்கயே கெடக்குதுங்க." தன் வேலையைத்தான் புகழ்ந்தார். கேட்டவர்களோ பிள்ளைகளை மூலக்குளத்துப் பள்ளிகளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

"நீங்க வர்றது சாயங்காலம். கம்பத்தப் பாத்துட்டுப் போயிடுவீங்க. டீம் கேப்டன் பொண்ணுதான் பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட். தெரியுமா?"

"நா பாக்கும்போது அது பந்துதான் ஆடிக்கிட்டிருந்துச்சு."

"ஒங்க பேத்தியக்கூட மூலக்குளத்துல சேக்கப் போறீங்களாமே."

பக்ருதீன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

வீட்டில் மனைவி ஜீனத்துன்னிசா சிரித்தாள். "பெரும பேசிப் பேசி ஒங்க கூலிக்கே ஒல வெச்சுட்டீங்க. இனிமே ஊரு வாயத் தைக்கவா முடியும்?"

"தைக்க முடியாது. வெல்டிங் வெச்சுப் பாக்கறேன்."

மறுநாள் பட்டறையிலிருந்து அப்படியே வந்து, பேத்தி அஃப்ஷீனை அந்தப் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்தார். எண்ணெய்க் கையோடு ஃபீஸ் கட்டினார். பிறகு அதே டீக்கடைகளில், அதே கல்யாண வீடுகளில், கேப்டன் பெண்ணின் மார்க்கைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்தவர் பெருமையைப் பேசுவது வெயிலில் வெல்டிங் வைப்பதைவிட அலுப்பாக இருந்தது. சிலர் கேலி செய்தார்கள். சிலர், பாயே பேத்தியைச் சேர்த்துவிட்டார் என்று தங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போனார்கள்.

ஜூன் கடைசியில் ஃபாதர் கூப்பிட்டு அனுப்பினார். "கைய நீட்டுங்க பாய்" என்று ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார். நடுவில் வந்த சில நோட்டுகளில் கறுப்பாகக் கட்டைவிரல் எண்ணெய்த் தடம் இருந்தது. பேத்திக்கு ஃபீஸ் கட்டிய தன் விரல்தான் என்று பக்ருதீனுக்குத் தெரிந்தது. மீதியும் விழும்வரை கையை விரித்தபடியே வைத்திருந்தார்.